புதுப் பெயிண்ட் அடித்த பழைய வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்தின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் உள்ள அழகான வீடுகளை வாங்குவது பற்றி வீடு–மனைப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். உயரமான கூரை, கனத்த கதவு, வண்ணக் கண்ணாடி ஜன்னல் என்று மெச்சிவிட்டு, ‘வாங்கும் முன் பொறியாளரிடம் காட்டுங்கள்’ என்ற ஒரு வரியோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. பொறியாளர் எதைப் பார்க்க வேண்டும், வாங்குபவரே எதையெல்லாம் பார்த்துவிடலாம் என்பது யாருக்கும் சொல்லப்படுவதில்லை. விற்பனைக்கு வந்த வீட்டில் அவசரமாகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பழைய வீட்டின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊற்றுக்கண் தண்ணீர். ஆகவே வீட்டை முதல் முறை வெயிலில் பார்த்தால், இரண்டாம் முறை மழை பெய்யும்போதோ, பெய்து ஓய்ந்த மறுநாளோ பாருங்கள். கூரையிலிருந்து தொடங்குங்கள். ஓட்டுக் கூரையானால் பகலில் விளக்கை அணைத்துவிட்டு மேல்பரணில் நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கே வெளிச்சம் ஊசியாகத் தெரிகிறதோ அங்கே தண்ணீரும் வரும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்திலும், கூரை சுவரோடு ஒட்டும் இடத்திலும்தான் கசிவு அதிகம். தட்டைக் கூரையானால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, வாட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மழைநீர்க் குழாய் இறங்கும் சுவரை மேலிருந்து கீழ்வரை கண்ணால் தடவிக்கொண்டே வாருங்கள். பச்சைப் பாசிக் கோடு தெரிந்தால் குழாய் உடைந்து பல மழைக்காலம் போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்து சுவர். இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல் என்றாலும், 20ஆம் நூற்றாண்டு பிறந்து வெகுகாலம் வரை ஏராளமான வீடுகள் சுண்ணாம்புக் காரையில்தான் கட்டப்பட்டன. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு காற்றில் விட்டுவிடும். அந்தப் போக்குவரத்து நடக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. இதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியின்றி உள்ளேயே தங்குகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கல்லின் முகத்தில் படிகமாகி, அதைப் பெயர்த்துத் தள்ளுகிறது. வெளியே சிமெண்ட் பூச்சு கல்போல நிற்கும். அதை உரித்தால் செங்கல்லின் முகம் செதில் செதிலாகக் கையோடு வரும், உள்ளே செம்பொடி கொட்டும். கொத்தனாரைக் கேட்டால் ‘பழைய கல், இற்றுப்போச்சு’ என்பார். இற்றது கல்லின் குற்றமல்ல. கல்லைவிடக் கடினமான பூச்சின் குற்றம். காரை எப்போதும் கல்லைவிட மெத்தென்றிருக்க வேண்டும் என்பது பழைய வேலைக்காரர்களுக்குப் பாலபாடம்.

வாங்குபவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பிடிப்பு விட்ட இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கூர்ந்து பாருங்கள்; நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் அந்த அளவோடு நின்று, மேல் விளிம்பில் வெள்ளை உப்புக்கோடு போடும். சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதுப் பெயிண்ட்டாக இருந்தால் காரணம் கேளுங்கள். அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் உள்ள சுவருக்கு யாரும் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். சுவரின் ஈரத்தை அளக்கும் கருவியான ஈரமானியை மட்டும் நம்பாதீர்கள். உப்பேறிய சுவரில் அது உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். அதைவிட எளிய வழி உண்டு: ஒரு முழ நீள அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் நனைந்திருந்தால் அறையின் காற்றில் உள்ள ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீர்ந்துவிடும். வெளியே போய் மண்மட்டத்தையும் பாருங்கள். வீட்டுத் தளத்துக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டராவது அது தாழ்ந்திருக்க வேண்டும். பழைய தெருக்களில் சாலை மேல் சாலை போட்டு, வாசல் பள்ளமாகிவிட்ட வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்குள் எந்த ரசாயனம் அடித்தாலும் ஓதம் நிற்காது.

வெடிப்பைக் கண்டு பயப்படுவதற்கு முன் அதன் அகலத்தை அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் பூச்சு வேலையில் முடிந்துவிடும். 5 முதல் 15 வரை என்றால் கதவுகள் இறுகும், குழாய்கள் விரிசல் விடலாம். 15ஐத் தாண்டினால் சுவரைப் பிரித்துக் கட்டும் பேச்சு வரும். 25ஐத் தாண்டினால் கட்டடம் நிற்குமா என்பதே கேள்வி. அகலத்தைவிட வடிவம் அதிகம் சொல்லும். மேலே விரிந்து கீழே குறுகினால் சுவரின் ஓர் ஓரம் இறங்குகிறது. கீழே விரிந்து மேலே குறுகினால் நடுப்பகுதி இறங்குகிறது. களிமண் நிலத்தில் பெரிய மரம் சுவரை ஒட்டி நின்றால், கோடையில் மண் சுருங்கி வெடிப்பு திறக்கும், மழையில் மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டினாலும் வம்புதான்: மரம் குடித்துவந்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, கட்டடத்தைத் தூக்கும். விளிம்பு கூராக, உள்ளே சுத்தமாக இருக்கும் வெடிப்பு புதியது. தூசும் பழைய பெயிண்ட்டும் படிந்தது எப்போதோ நின்றுபோனதாக இருக்கலாம்.

மரவேலையில் பார்க்க வேண்டியது உத்தரத்தின் நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனையை. சுவரின் ஈரம் முதலில் அங்கேதான் ஏறும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உளுக்க ஆரம்பிக்கும். கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் முனையில் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி நிற்கும். உளுத்ததில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். மண்குழாய் தெரிந்தால் கரையான். சிறு துளையும் அடியில் மாவு போன்ற பொடியும் தெரிந்தால் வண்டு. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடுவது பொதுவாகச் செய்யும் பாவம். பழைய காட்டு மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருக்கமானவை, இன்று அப்படிப்பட்ட மரம் அரிது. கீழ்ச்சட்டம் மட்டும் உளுத்திருந்தால் தச்சர் அதை வெட்டி, புதுத் துண்டை ஒட்டுப்போட்டுத் தருவார்.

குழாயும் வயரும் மாற்ற வேண்டியவை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தால் குழாயைச் சுரண்டினால் வெள்ளியாக மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயம். குடிக்கும் தண்ணீருக்கு ஆகாது. காந்தம் ஒட்டினால் இரும்பு. அது உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கும். இரண்டு குழாயை ஒரே நேரத்தில் திறந்தால், தண்ணீர் மெலிவதிலேயே தெரிந்துவிடும். கழிவுநீருக்குப் பழைய மண்குழாய் என்றால் மூட்டுகளில் வேர் புகுந்திருக்கும், கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்விட்ச்போர்டைக் கழற்றும்போது ரப்பர் உறை பொடியாக உதிர்ந்தால் வீடு முழுக்கப் புது வயரிங்தான். எர்த் இல்லாத இரண்டு துளை பிளக்குகளும் அதே கதை. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், உலரத் தேய்க்காதீர்கள். பழைய அஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ துளைக்கவோ கூடாது.

பத்திரங்களை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது வாங்குபவரின் வேலை. வரைபடத்தில் இருந்த சுவர் இப்போது இல்லையென்றால், மாடியில் அதற்கு நேர் மேலே என்ன நிற்கிறது என்று பாருங்கள். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டியிருக்கும்.

பழுதுபார்ப்புக்கு வரிசை உண்டு: கூரை, வடிகால், பிறகு காத்திருத்தல், அதன்பின் பூச்சு, கடைசியில் பெயிண்ட். இடையில் உள்ள காத்திருத்தலைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சுவர் காய்வதற்குத் தொழிலில் உள்ள தோராயக் கணக்கு மாதத்துக்கு ஓர் அங்குலம். 9 அங்குலச் சுவருக்கு 9 மாதம்கூட ஆகலாம். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் என்ற கணக்கில், ஒரு பூச்சு 10–12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஒன்று இறுகிய பின் அடுத்தது. வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். மதிப்பீட்டுச் செலவுக்கு மேல் இன்னும் 20 சதவீதம் கையில் வைத்திருங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சதுர அடி பூச்சை உரித்துப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். சம்மதித்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டின் கதை தெரிந்துவிடும். மறுத்தால், உள்ளே சிமெண்ட்டும் ஈரமும்தான் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் ஒருவர்