தம்பிக்கு, வீட்டுக் கம்ப்யூட்டர் பொறுப்பை ஒப்படைத்து எழுதுவது

டேய் தம்பி,

அடுத்த வாரம் நான் பெங்களூருக்குக் கிளம்புகிறேன். நீ பாண்டி காலேஜில் சேர்ந்துவிட்டாலும் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில்தான் போய் வரப் போகிறாய். ஆக, ராத்திரி வீட்டில் இருக்கிற ஒரே 'கம்ப்யூட்டர் படிச்ச புள்ள' இனிமேல் நீதான். நீ படிப்பது மெக்கானிக்கல் என்பதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையில் லேப்டாப் இருந்தால் போதும், மிக்ஸியைக்கூட உன்னிடம்தான் கொண்டு வருவார்கள்.

ஆபீஸில் ஒருவர் விலகினால், அடுத்து வருகிறவருக்குக் கே.டி., அதாவது வேலையை விளக்கி ஒப்படைக்கிற 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்', கொடுக்காமல் விட மாட்டார்கள். இது அந்தக் கே.டி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய், அதனால் ஊரறிய எழுதுகிறேன். தெருவுக்குத் தெரு உன்னை மாதிரி ஒருத்தர் மாட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் ரூட்டர். அதில் எல்.ஓ.எஸ். என்று போட்ட இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. வெளியே போய், கரண்ட் கம்பத்திலிருந்து முருங்கை மரம் வழியாக வருகிற கறுப்பு ஒயரைப் பார். பாதி நேரம் மாடி வீட்டில் துணி காயப்போட்ட யாராவது அதை மடக்கி ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஃபைபரை அப்படி மடக்கக் கூடாது, வளைவு இறுகினால் ஒளி வெளியே கசிந்துவிடும். சிவப்பு இல்லை, ஆனால் உள்ரூமில் மட்டும் நெட் வரவில்லை என்றால் அது வேறு கதை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தாத்தா கட்டிய அந்தத் தடித்த சுவரைத் தாண்டி வர அதற்குத் தெம்பில்லை. 2.4-க்கு மாற்றிக் கொடு. அதற்கு முன்னால் பீரோவை யாராவது நகர்த்தி வைத்தார்களா என்று பார்த்துக்கொள், இரும்பு பீரோ குறுக்கே நின்றால் எந்த அலைவரிசையும் படாத பாடுதான். அப்புறம், அம்மா தூசி விழக் கூடாது என்று ரூட்டர்மேல் குரோஷா துணி போர்த்துவாள். நான் எடுத்துவிடுவேன், அவள் மறுபடி போர்த்துவாள். இது ஓயாது. நீயும் தொடர வேண்டியதுதான்.

கரண்ட் விஷயம் உனக்கே தெரியும். நெய்வேலி நம் மாவட்டத்திலேயேதான் இருக்கிறது, ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான். சொல்லி வைத்தாற்போல் அன்றைக்குத்தான் எனக்குக் கிளையன்ட் கால் இருக்கும். ரூட்டருக்குப் பின்னால் இருக்கிற குட்டிப் பெட்டி 12 வோல்ட் யு.பி.எஸ்., அதை யாரும் 'இது என்னத்துக்கு' என்று பிடுங்காமல் பார்த்துக்கொள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீரும் சுத்தமான தண்ணீர்தானே என்று அப்பா வாதாடுவார், அசராதே. அதிலும் தாது உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. சில்வர் பீச் காற்று சுகமாகத்தான் இருக்கும், ஆனால் செம்பு என்று எது கண்ணில் பட்டாலும் அதில் பச்சையாகக் களிம்பு ஏற்றிவிடும். நம் வீட்டில் 'சார்ஜ் ஏறல' என்று வருகிற போன்களில் பேட்டரி கெட்டது குறைவு, சார்ஜர் செருகுகிற இடத்துப் பின்னில் களிம்பும் தூசியும் பிடித்தது அதிகம். போனை அணைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் தேய்த்து, நன்றாகக் காயவிடு. இதற்குப் பிறகு தெருவில் உன் மரியாதை ஒரு படி ஏறும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்ததே, அன்றைக்கு வரிசையாகப் போனது ஞாபகம் இருக்கிறதா? முதலில் கரண்ட், அப்புறம் ஃபைபர், அப்புறம் செல்போன் டவர். பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நான் ஸ்கிரீனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆயா டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி சொன்னாள். 'தானே புயல் அளவுக்கு இல்ல' என்று தீர்ப்பும் கொடுத்தாள். 2011-க்கு அப்புறம் வந்த எந்தப் புயலும் அவளுக்குச் சிறிசுதான். அந்த டிரான்சிஸ்டரும் உன் பொறுப்பில் வருகிறது. மழைக்காலம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வை, இல்லையென்றால் உள்ளேயே ஒழுகிவிடும்.

சரி, இதெல்லாம் சில்லறை. பெரிய தலைவலி பெயர்.

அப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, முன்னால் ஒரு இனிஷியல் இருக்கிறது. அவ்வளவுதான். குடும்பப் பெயர் என்று ஒன்று நம் வீட்டில் யாருக்கும் கிடையாது, ஊரிலும் முக்கால்வாசிப் பேருக்குக் கிடையாது. ஆனால் எந்தப் படிவத்தைத் திறந்தாலும் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்கிறது. புள்ளி வைத்தால் 'சிறப்புக் குறிகள் கூடாது' என்கிறது. காலியாக விட்டால் நகர மாட்டேன் என்கிறது. பான் கார்டில் கடைசிப் பெயராக இனிஷியலை ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அங்கே தாத்தா பெயர் அப்பாவின் குடும்பப் பெயராகிவிட்டது. ஆதாரில் வெறும் இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரில் ஒரு ஹெச் கூடுதல். நான்கும் ஒரே ஆள்தான் என்று எந்தக் கம்ப்யூட்டரும் ஒத்துக்கொள்ளாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரெடிட் கார்டு விற்கிற பெண்கள் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதாவது தாத்தாவைக் கேட்பார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் நிதானமாக, "அவரு தவறிட்டாரும்மா, நான் அவரு பையன் பேசறேன்" என்பார். எதிர்முனையில் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அப்புறம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே அப்படித்தான் புரிந்துகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டு அதைக் கெடுக்கவும் மனமில்லை.

ஆனால் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. மகளிர் குழுவின் கணக்கை அம்மா நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறாள் பார், வட்டி, தவணை, நிலுவை எல்லாம் ஒரு ரூபாய் பிசகாது. அதே அம்மா மத்தியானம் முழுக்க ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுடி" என்று போனை என்னிடம் நீட்டினாள். ஸ்கிரீனில் சிவப்பில் 'தவறான பெயர்' என்று இருந்தது. அவள் பெயர் தவறாம்! அந்தப் படிவத்தைச் செய்தவர் என்னை மாதிரி ஏதோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து, ஒரு வரி நிரலில் 'இரண்டு எழுத்துக்குக் குறைந்தால் ஒதுக்கு' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அம்மாவுக்கு எதுவும் வராமல் இல்லை, அந்த ஆளுக்குத் தமிழ்நாட்டுப் பெயர் எப்படி இருக்கும் என்று வரவில்லை. இதை நீ அவளிடம் சொல்ல வேண்டும். நானும் சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவாள், நீதானே செல்லம்.

அலமாரியில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. யார் யார் பெயர் எந்தெந்த அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து அதில் எழுதி வைத்திருக்கிறேன். எதை நிரப்பினாலும் அதைப் பார்த்து அப்படியே நிரப்பு. திருத்தி நல்லதாக்கலாம் என்று மட்டும் நினைக்காதே.

எரிச்சல் மட்டுமே என்று பயந்துவிடாதே, நடுநடுவே சுவாரசியமும் வரும். போன வருஷம் கோயில் விழா நன்கொடைப் பட்டியலில் 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே ஸ்ரீதான். தோண்டிப் பார்த்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிற யூனிகோடில் அதை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்று நாம் வழக்கமாக அடிக்கிற ஸ-வில் தொடங்குவது. மற்றது 2005-ல் யூனிகோடில் சேர்த்த ஶ-வில் தொடங்குவது. பட்டியலை இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் அடித்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. ஒன்றை மற்றதாக மாற்றியதும் காணாமல் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். தர்மகர்த்தா எனக்கு ஒரு வாழைப்பழம் சேர்த்துக் கொடுத்தார். சம்பள உயர்வு வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இன்னொன்று. ஆயாவுக்கு வாங்கிய முழங்கால் உறை '1970 ஜனவரி 1, காலை 5.30 மணிக்கு டெலிவரி செய்யப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் காலத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. தேதி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் விழுந்தால் அந்த நாளையே காட்டும். அந்த நள்ளிரவு கிரீன்விச் நேரக் கணக்கு, நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இவ்வளவையும் நான் விளக்கி முடித்ததும் ஆயா, "அப்ப இந்தத் தெருவே கிடையாது, எல்லாம் சவுக்குத் தோப்பு. எவன் கையில குடுத்தானாம்?" என்றாள்.

நீ பாண்டிக்குப் போகிறாய் என்பதால் இது. முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறுகிறது என்பது நமக்குத் தெரியும், படிவங்களுக்கு அவ்வளவு தெளிவில்லை. பெயரைப் புதுச்சேரி என்று மாற்றியது 2006-ல், இன்னும் சில பட்டியல்களில் பி வரிசையில் பாண்டிச்சேரியைத்தான் தேட வேண்டும். மாவட்டம் கேட்டால் அகர வரிசையில் காரைக்கால் முதலில் நிற்கும், கவனிக்காமல் விட்டால் நீ காரைக்கால்வாசி. பின்கோடு 605-ல் தொடங்கினால் உடனே புதுச்சேரி என்று நிரப்பிவிடும் தளங்களும் உண்டு, விழுப்புரத்துப் பெரியம்மா வீட்டுக்கும் 605 தான்.

பணம் விஷயத்தில் ஒன்றே ஒன்று, அதைத் திரும்பத் திரும்பச் சொல். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் நம் பணம் போகப் போகிறது. தப்பித் தவறிப் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடி. மீன்காரம்மாவுக்கு இதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டி சத்தம் போட்ட பிறகும், தன் போனில் மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் வஞ்சிரத்தைப் பையில் போடுகிறாள்.

யாராவது "எதுவுமே வரல" என்றால் போனைக் கையில் வாங்கிவிடாதே. "என்ன தெரியுது, படிச்சு சொல்லுங்க" என்று கேள். மாமாவின் 'நெட் போயிடுச்சு' என்பது வாட்ஸ்அப் ஐகான் இடம் மாறியது. மாடி வீட்டு அத்தையின் 'வைரஸ்' என்பது டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. படித்துச் சொல்லும்போதே பாதிப் பேர் தாங்களாகவே சரிசெய்துகொள்வார்கள், பேர் மட்டும் உனக்கு வந்து சேரும்.

கை வசம் ஒரு வித்தையும் வைத்துக்கொள். டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்று வந்தால், போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்குக் காட்டி பட்டனை அமுக்கு. பல போன்களில் ஸ்கிரீனில் ஊதா நிறமாக ஒரு வெளிச்சம் மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, கோளாறு டி.வி. பக்கம். முதலில் வேலை செய்கிற ரிமோட்டை வைத்து உன் போனில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள், பின் கேமராவில் பெரும்பாலும் அந்த ஒளியைத் தடுக்கிற வடிகட்டி இருக்கும். எதிர்வீட்டுக் குட்டிப்பையன் இதைப் பார்த்த நாளிலிருந்து தெருவில் இருக்கிற எல்லா ரிமோட்டையும் நம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்து வை, நீயும் ஒரு நாள் ஊரைவிட்டுப் போக மாட்டாயா என்ன?

விண்ணப்பத்துக்கு போட்டோ '20 கே.பி.க்கு மேல், 50 கே.பி.க்குள்' என்று கேட்பார்கள். அதற்கு ஒரு குட்டி நிரல் எழுதி லேப்டாப் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன், போட்டோவை அதன்மேல் இழுத்துப் போட்டால் போதும். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவர் பிழைப்பு அதில் ஓடுகிறது.

கடைசியாக, மாடி வீட்டு பிரிண்டர். இங்க் இருக்கும், பேப்பர் இருக்கும், கேபிள் இருக்கும், 'ஆஃப்லைன்' என்று சொல்லும். அதற்கு இந்தக் கடிதத்தில் எந்தக் குறிப்பும் கிடையாது. அத்தை பிரிண்டர் என்று ஆரம்பித்தால், உனக்கு நாளைக்குப் பரீட்சை.

அன்புடன்,
அக்கா