குமாரமங்கலத்து ஜெனரல்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஆடி மாதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கேட்ட கேள்விதான் காரணம். "குமாரமங்கலம் ஜமீன் வீட்டுப் பிள்ளை ஒருத்தர் நாட்டுக்கே ராணுவத் தளபதியா இருந்தாருன்னு சொன்னா, திருச்செங்கோடு டீக்கடையில ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். நீ வாத்தியார், விவரமா எழுது" என்று போட்டிருந்தாய். அதற்காகவே ரொமேன் ரோலன் நூலகத்துக்கு நடையாய் நடந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். ஃபெஞ்சல் புயலில் விழுந்த தோட்டத்து மதில் இன்னும் அரைகுறையாகத்தான் நிற்கிறது. கொத்தனார் வருகிறேன் என்று சொல்வதோடு சரி. வீராம்பட்டினம் தேருக்கு நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காது.

இனி உன் ஜெனரல். முழுப்பெயர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1913 ஜூலை 1-ல் பிறந்தவர். தகப்பனார் டாக்டர் சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. தாயார் ராதாபாய், லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். பிள்ளையை இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படிக்கவைத்து, பிறகு அங்கேயே வூல்விச் ராணுவக் கழகத்துக்கு அனுப்பினார்கள். 1933-ல் கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி. பீரங்கிப் படையில் இந்தியர்களை அதிகாரிகளாகச் சேர்க்க வெள்ளைக்காரன் அப்போதுதான் மனசு வைத்திருந்தான். அந்த முதல் வரிசையில் நின்றவர்களில் இவர் ஒருவர். இந்திய ராணுவத்தின் தலைமைக்கு வந்த முதல் பீரங்கிக்காரரும் இவர்தான். நாசிக் ரோடு பீரங்கிப் படை மையத்தில் பயிற்சி எடுத்தும் இந்தப் பெயரைக் காதில் வாங்கியதோடு சரி என்கிறாயே, உன்னை என்ன செய்வது?

அந்த வீட்டைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. இவர் பிரிட்டிஷ் ராஜாவின் படையில் சண்டை போட்ட அதே காலத்தில், தம்பி மோகன் அதே ராஜாவின் சர்க்காரிடம், கம்யூனிஸ்டுகள்மேல் போட்ட சென்னைச் சதி வழக்கில் மாட்டிச் சிறைக்குப் போனார். தங்கை பார்வதியும் கம்யூனிஸ்ட். பிற்பாடு கோவையிலிருந்து நாடாளுமன்றம் போன பார்வதி கிருஷ்ணன் இவர்தான். சுதந்திரம் வந்ததும் நம்ம பக்கத்து ஓமந்தூரார் அமைச்சரவையில் போலீஸ் இலாகா தகப்பனார் கையில். அந்த நேரத்தில் கம்யூனிஸ்டுகளைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது! இப்படி ஒரு கதையை நாம் எழுதினால் "நம்புற மாதிரி எழுதுய்யா" என்பார்கள். மோகன் 1971-ல் டில்லியில் உருக்குத் துறை மந்திரியாகி, 1973 மே 31 விமான விபத்தில் இறந்தார். நம் தலைமுறைக்கு 'குமாரமங்கலம்' என்றால் அவர் ஞாபகம்தான். அண்ணன் ஞாபகத்திலிருந்து விட்டுப்போனார்.

இப்போது உனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்த ஜூலை 13 ராத்திரி இங்கே வழக்கம்போல விளக்கு ஊர்வலம் நடந்தது. மறுநாள் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய விழா. கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்தின் பக்கம் பழைய சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மூர்ச் சிப்பாய்கள்) கோட்டு மாட்டி, பதக்கம் குத்தி நிற்பார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். அல்ஜீரியா வரை போய்வந்த பெரியவர் ஒருவர் பிர் ஹக்கீம் கதையை எடுத்துவிட்டார். லிபியப் பாலைவனம், 1942. தளபதி கோனிக்கின் சுதந்திர பிரெஞ்சுப் படை ஜெர்மன் தளபதி ரோம்மெலை இரண்டு வாரம் தடுத்து நிறுத்தியது, அதன் பெயரில் பாரிஸில் மெட்ரோ நிலையமே இருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சொல்லட்டும், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். 1940 செப்டம்பரிலேயே சுதந்திர பிரெஞ்சுத் தலைவர் தெகோல் பக்கம் சேர்ந்த ஊர் புதுச்சேரி.

ஆனால் அந்தச் சண்டையில் முதல் அடி யார்மேல் விழுந்தது தெரியுமா? பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே சில மைல் தள்ளி மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் என்ற படைப்பிரிவு நின்றது. அப்போதுதான் வந்து இறங்கிய படை, பள்ளம் தோண்டி முடிக்கவே நேரமில்லை. மே 27 விடிந்ததும் இத்தாலிய ஆரியேத்தே டிவிஷனின் டாங்கிகள் நேராக அதன்மேல் ஏறின. எதிர்த்து நின்றது இரண்டாவது இந்திய ஃபீல்டு ரெஜிமென்ட்டின் 25 பவுண்டர் பீரங்கிகள். அந்த ரெஜிமென்ட்டில் ஒரு பேட்டரி, அதாவது ஒரு பீரங்கி அணி, குமாரமங்கலத்தின் பொறுப்பு. தூரத்துக்குக் குண்டு வீசும் பீரங்கியைத் தாழ்த்தி, எதிரே வரும் டாங்கியைக் கண்ணால் பார்த்துச் சுடுவது என்றால் என்னவென்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் பிரிகேட் நசுங்கிப்போனது. அங்கே காட்டிய தீரத்துக்குத்தான் இவருக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம்.

இடையில் ஒன்று. அதே இடத்தில் அந்தப் பிரிகேட்டின் பதினெட்டாவது குதிரைப்படையோடு ஒட்டிக்கொண்டு வால்டர் கோவன் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய அட்மிரல் இருந்தார். வயது எழுபது. கையில் ரிவால்வரை வைத்துக்கொண்டு ஒரு டாங்கியோடு மல்லுக்கு நின்று பிடிபட்டாராம்! நம் வயசு மாப்ளே. நமக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கவே மூச்சு வாங்குகிறது.

குமாரமங்கலமும் அந்தக் கோடையில் கைதியானார். இத்தாலியில் போர்க்கைதி முகாம். அங்கே இவரோடு அடைபட்டிருந்த இந்திய அதிகாரிகளில் இரண்டு பெயரைச் சொல்கிறேன், கேள்: யாஹ்யா கான், சாஹிப்ஸாதா யாகூப் கான். யாஹ்யா தப்பி ஊர் வந்து சேர்ந்தார். நம்மவரும் தப்பினார், ஆனால் மறுபடி பிடிபட்டார். ஜெர்மனிக்கு, ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1944 மார்ச்சில் சுரங்கம் வழியாக 76 பேர் தப்பி, அதில் 50 பேரை ஹிட்லர் ஆட்கள் சுட்டுக் கொன்றார்களே, அதே முகாம்.

1966 ஜூனில் குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆகிறார். அந்த செப்டம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் ராணுவத் தலைமைக்கு வருகிறவர் யாஹ்யா கான். ஒரே முள்வேலிக்குள் ஒன்றாகச் சோறு தின்ற இரண்டு பேர், ஏறக்குறைய மூன்று வருஷம் எதிரெதிர்ப் படைகளுக்குத் தலைவர்கள். இதைப் படித்தபோது நூலகத்திலேயே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். யாகூப் கான் கதை வேறு. 1971 மார்ச்சில் டாக்காவில் மக்கள்மேல் படையை ஏவ மாட்டேன் என்று பதவியை உதறியவர் அவர். ஏவச் சொன்ன ஜனாதிபதி யாஹ்யா.

டீக்கடைக்காரர்கள் ஏன் நம்பவில்லை என்றா கேட்டாய்? என் கணக்கு இது: 1965 போரின் பெயர் அப்போதைய தளபதி சௌத்ரிக்குப் போனது, 1971 போரின் பெயர் மானெக்‌ஷாவுக்கு. இவர் நடுவில் மாட்டியவர். 65-ல் சௌத்ரிக்கு அடுத்த இடத்தில் இருந்தார். 1969 ஜூனில் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். 62-ல் சீனாவிடம் அடிவாங்கிய படை நிமிர்ந்து நின்றது இவர் காலத்தில். 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலா கணவாயில் சீனாக்காரன் சுட்டபோது, அங்கிருந்த நம் தளபதி சகத் சிங்கின் பீரங்கிகள் மூன்று நாள் பதில் சொல்லி அவன் வாயை அடைத்தன. அக்டோபர் முதல் தேதி சோலா கணவாயிலும் அப்படியே. இதையெல்லாம் இவர் ஒருவர் கணக்கில் எழுத நான் தயாரில்லை. களத்தில் முடிவெடுத்தவர் சகத் சிங், கிழக்குக் கட்டளை மானெக்‌ஷாவிடம். ஆனால் தோற்றிருந்தால் பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார். பழிக்கு மட்டும் தலைவன், பெயருக்கு வேறு ஆள் என்பது நியாயமா?

1970-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2000 மார்ச்சில் காலமானார். அதே வருஷம் இன்னொரு பீரங்கிக்காரர், தமிழ்க் குடும்பத்துப் பத்மநாபன், தளபதி ஆனார். அவரும் 2024 ஆகஸ்டில் போய்விட்டார்.

அந்த ஊர்வலத்துப் பெரியவரிடம் இந்திய பிரிகேட் விஷயத்தைச் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு "அந்த ஆளு தமிழரா?" என்றார். ஆமாம், சேலத்துப் பக்கம் என்றேன். எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறார். உனக்கு அனுப்பும் இதையே நகல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன், முழங்கால் வலி சமாச்சாரத்தை மட்டும் வெட்டிவிட்டு.

அதற்கு முன் உன்னிடம் ஒரு விவரம் வேண்டும். நீ படையில் சேர்ந்த காலத்தில் 25 பவுண்டர் இன்னும் புழக்கத்தில் இருந்ததா? ஒரு பீரங்கிக்கு எத்தனை பேர் நிற்பார்கள், டாங்கி நேரே வந்தால் யார் என்ன செய்வார்கள் என்று தெளிவாக எழுது. பெரியவர் கேள்விமேல் கேள்வி கேட்பார், நான் வாத்தியார்தானே தவிர பீரங்கிக்காரன் இல்லை. தேருக்கு வருகிறாயா என்பதையும் அதிலேயே சொல்லிவிடு. தங்கைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
பழைய கூட்டாளி