லத்தியும் ரசீதும்

தண்டையார்பேட்டை,
சென்னை – 81.

அன்பு நண்பா,

வணக்கம். நலம், நலமறிய அவா. வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூத்தவள் மாதவரம் பக்கம் குடிபோய்விட்டாள். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மெட்ரோ ரயில் வந்த பிறகு உன் பழைய தெருவில் வாடகை எகிறிவிட்டது. அவ்வளவுதான். நீயோ கடிதத்தின் பெரும்பகுதியை, லண்டனில் குடியேறிய புதிதில், 2009-ஆம் ஆண்டு, அங்கே கண்ட மக்கள் கோபத்துக்கே ஒதுக்கியிருந்தாய். பத்திரிகை விற்கும் ஒருவர் போலீஸ் தள்ளிச் செத்ததற்கும், ஒரு எம்.பி. வாத்துக்கு வீடு வாங்கி அந்தச் செலவை அரசிடம் கேட்டதற்கும் அந்த நாடே கொதித்தது. இதைவிடப் பெரியவை நடந்தும் நம் ஊரில் ஏன் யாருக்கும் கோபம் வருவதில்லை என்று கடைசியில் ஒரு கேள்வியும் போட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னைச் சீண்டிவிட்டது. அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

கோபம் வருவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது 1921-ல் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி பெரம்பூர்ப் பெரியவர்கள் சொல்லி நீயும் நானும் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே. அது பழைய கதை என்றால், போன மாதத்துக் கதை ஒன்றைக் கேள். எதிர்வீட்டுப் பையன் பகலில் கல்லூரிக்குப் போய்விட்டு இரவில் உணவு டெலிவரிக்குப் போகிறான். பாலத்தடியில் வண்டிச் சோதனை. உரிமம், காப்பீடு, தலைக்கவசம் எல்லாம் சரியாக இருந்திருக்கின்றன. "எந்த ஏரியா?" என்று கேட்டார்களாம், தண்டையார்பேட்டை என்றதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, செல்போனில் முகத்தைப் படம் பிடித்து, பையைத் திறக்கச் சொல்லி, வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பிரியாணிப் பொட்டலத்தின் மூடியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரித்த பொட்டலத்தை வாடிக்கையாளர் வாங்கவில்லை. அந்தக் காசு பையன் கணக்கில் பிடித்தமானது. கை நீட்டி அடிக்கவில்லை, கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் அவன் அம்மா அன்றிரவு வாசற்படியில் உட்கார்ந்து பேசியதை நீ கேட்டிருந்தால் இங்கே கோபம் இல்லை என்று எழுதியிருக்க மாட்டாய்.

இனி உன் லண்டன் கதைக்கு வருகிறேன். 2009 ஏப்ரல் 1 அன்று, ஜி-20 மாநாட்டை எதிர்த்துக் கூடிய கூட்டத்துக்கு நடுவே, வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துபோன இயன் டாம்லின்சனை ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து தடியால் அடித்துத் தள்ளினார். சற்று நேரத்தில் அவர் இறந்துபோனார். முதல் உடற்கூராய்வு என்ன சொன்னது? மாரடைப்பு. ஆறு நாள் கழித்து 'கார்டியன்' பத்திரிகை ஒரு காணொளியை வெளியிட்டது; அமெரிக்காவிலிருந்து வேலையாக வந்திருந்த ஒருவர் தற்செயலாக எடுத்த காட்சி அது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுதான் உள்ளே ரத்தம் கசிந்து இறந்தார் என்றது. அந்தக் காட்சி கிடைக்காமல் போயிருந்தால், அந்த மனிதர் மாரடைப்பில் போனவராகவே கோப்பில் உறங்கியிருப்பார், உன் லண்டன் மக்களும் அமைதியாக அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இன்னொன்றையும் நீ எழுதாமல் விட்டுவிட்டாய். அது சட்டவிரோதக் கொலை என்று மரண விசாரணை நடுவர்கள் 2011-ல் சொன்ன பிறகும், குற்றவியல் வழக்கில் அந்தப் போலீஸ்காரர் 2012-ல் விடுதலையானார், வேலைதான் போயிற்று.

மாரடைப்பு என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ச் சொற்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாளில் இறந்தபோது, அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம்பட்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். 2022 ஏப்ரலில் இங்கே தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் இறந்தபோது வலிப்பு வந்தது என்றார்கள். உடற்கூராய்வில் 13 காயங்கள். அதே ஆண்டு ஜூனில் நமக்குப் பக்கத்திலேயே, கொடுங்கையூர் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்துப் போன ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. 2025-ல் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் சில நாட்களுக்குள் ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, முதலமைச்சர் அந்தத் தாயிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். அங்கேயும் ஒருவர் மறைந்திருந்து எடுத்த செல்போன் காட்சி வெளியே வந்திருந்தது. ஆக லண்டனானாலும் திருப்புவனமானாலும் கோபம் பலன் தந்த இடத்திலெல்லாம் மறுக்க முடியாத ஒரு துண்டு ஆதாரம் யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. கோபத்தின் அளவில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தத் துண்டு கிடைக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் இங்கே திறமை எல்லாம் செலவாகிறது. சாத்தான்குளம் நிலையத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். அந்த வழக்கு நின்றதே அங்கே பணியிலிருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற ஒரு பெண் தைரியமாகச் சாட்சி சொன்னதால்தான். அதே 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், கேமராக்கள் வேலை செய்யாததைப் பற்றி அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்தது. கைது செய்ய வருகிறவர் பெயர்ப் பட்டை தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பில் 1996-லேயே சொல்லப்பட்டது. லண்டனில் அன்று சில போலீஸ்காரர்கள் தோள்பட்டை எண்ணை மறைத்துக்கொண்டு நின்றார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறாய். இங்கே மஃப்டியில் வருகிறவருக்கு மறைக்க எண்ணே கிடையாது.

ஆனால் நம் பக்கத்துக் கோணல் ஒன்றையும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். செயின் பறித்தவன், அரிவாள் தூக்கியவன் யாராவது பிடிபட்டால் மறுநாள் கையில் மாவுக்கட்டோடு ஒரு படம் வரும். கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்று பக்கத்தில் ஒரு வரி. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் வழுக்கி விழும்படியாகவா காவல் நிலையக் கழிவறைகள் இருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025-ல் கேட்டுவிட்டது. டீக்கடையில் அந்தப் படத்தைக் கைமாற்றிக் காட்டி, "சபாஷ், இப்படித்தான் செய்யணும்" என்று சொல்கிறவர்கள் யார் தெரியுமா? பாலத்தடியில் தங்கள் பையனை நிறுத்தினால் கொதிக்கும் அதே ஆட்கள். மாவுக்கட்டு போடும் கைக்குக் கைதட்டிப் பழக்கிவிட்டு, அது நம் வீட்டுப் பையன் மேல் விழும்போது மட்டும் நியாயம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. இதைச் சொன்னதற்காக டீக்கடையில் எனக்கு 'வக்கீல்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். துறைமுகத்தில் சங்கத்துக்காகப் பேசியபோது வாங்கிய பட்டங்களோடு இதுவும் ஒன்று.

பண விஷயத்துக்கு வருகிறேன். அங்கே எம்.பி.க்களின் செலவுக் கணக்கு வெளியான கதையில் எனக்குப் பிடித்தது வாத்து வீடு அல்ல. அந்த வாத்து வீட்டுக்கான 1,645 பவுண்டைக் கணக்கு அலுவலகம் தரவே மறுத்துவிட்டது என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். ஆனாலும் ஊர் சிரித்து மாளவில்லை. ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர் தகவல் சட்டத்தின்கீழ் ரசீதுகளைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார், நாடாளுமன்றம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் 2008-ல் தோற்றது. அதற்குப் பிறகும் முகவரிகளை எல்லாம் கறுப்பு மை பூசி மறைத்துத்தான் வெளியிடுவதாக இருந்தார்கள். அதற்குள் முழுக் கோப்பும் கசிந்து, 2009 மே 8 முதல் 'டெய்லி டெலிகிராப்'பில் வரத் தொடங்கிவிட்டது. முகவரி மறைந்திருந்தால், எந்த வீட்டை இரண்டாம் வீடு என்று காட்டிப் பணம் வாங்கினார்கள், எப்போது மாற்றிக் காட்டினார்கள் என்ற பெரிய மோசடி வெளியே தெரிந்தே இருக்காது. ரசீதுகளை மறைக்கப் போராடிய சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது; 1695-க்குப் பிறகு அப்படி வெளியேற்றப்பட்ட முதல் சபாநாயகர் அவர்தான். சில முன்னாள் எம்.பி.க்கள் சிறைக்கே போனார்கள். நீ எழுதிய இரண்டு கதைகளும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதையும் கவனி. அந்த ஏப்ரலில் போலீசுக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சராக இருந்த ஜாக்கி ஸ்மித்தான், 88 பென்ஸ் குளியல் தொட்டி மூடிக்குக்கூட அரசிடம் பணம் கேட்டிருந்தவர்.

அந்த மூடி பிடிபட்டதற்குக் காரணம், அதற்கு ஒரு ரசீது இருந்தது. நம் ஊரில் அப்படி ஒன்று பிடிபட வழியே இல்லை. 2017 ஜூலையில், நம் விவசாயிகள் டெல்லியில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த நேரத்தில், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களின் மாத வருமானம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் தொலைபேசிக்கு 7,500, தபாலுக்கு 2,500, வாகனத்துக்கு 25,000 என்று தனித்தனிப் படிகள். மாதம் 7,500 ரூபாய்க்கு ஒருவர் எப்படித் தொலைபேசி பேசுவார் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது மொத்தமாகக் கைக்கு வந்துவிடுகிற தொகை. எம்.பி.க்களுக்கும் அப்படித்தான், தொகுதிப் படி மட்டும் 87,000 ரூபாய் என்று 2025 மார்ச்சில் உயர்த்தினார்கள். பொய்க் கணக்கு எழுத வேண்டுமானால் முதலில் கணக்கு எழுதும் கட்டாயம் இருக்க வேண்டும். கணக்கே கேட்காத இடத்தில் எல்லோரும் யோக்கியர்கள்.

ஆனாலும் இது பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, நம் தொகுதியின் கதை என்பதால். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை 2017 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் ரத்து செய்ததே! வருமான வரிச் சோதனையில் கிடைத்த தாள்களில் வாக்காளர்களுக்கான 89 கோடி ரூபாய் விநியோகக் கணக்கு இருந்ததாகச் சொன்னார்களே! இங்கே கிடைக்காமல் கிடைத்த ஒரே ரசீது அதுதான். அதைப் பார்த்து ஊர் கொதித்ததா? இல்லை. "எங்கள் தெருவுக்கு ஏன் வந்து சேரவில்லை" என்றுதான் பல வீடுகளில் பேச்சாக இருந்தது. வாங்கியவர்களை நான் பழிக்க மாட்டேன். மழை பெய்தால் வீட்டுக்குள் சாக்கடை வரும் சந்தில் இருக்கிறவர்கள், அரசியல்வாதிகளிடமிருந்து கண்ணால் கண்ட காசு அது ஒன்றுதான் என்று சொல்லும்போது என்னிடம் பதில் இல்லை. ஆனால் வாங்கிய கை பிறகு கணக்குக் கேட்க நீள்வதில்லை. லத்தி நம் முதுகில் விழுகிறது, அதனால் கோபம் வருகிறது. பணத்தில் நமக்கும் ஒரு சிறு பங்கு தந்துவிடுகிறார்கள், அதனால் வருவதில்லை. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்றும் நினைத்துவிடாதே. எங்கள் பக்கத்துப் பேருந்து நிழற்குடை ஒன்றில் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கட்டியது என்று பெயரும் படமும் பெரிதாக இருக்கின்றன. மதிப்பீட்டுத் தொகை எழுதிய இடம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. லட்சம் என்ற சொல் இருக்கிறது, அதற்கு முன்னால் எண் இல்லை. வெயில் மறைக்கும் தகரம் ஒரு பக்கம் பெயர்ந்து, காற்றடித்தால் தடதடக்கிறது. எதிர்வீட்டுப் பையனும் அவன் நண்பர்களும் என்னைச் சேர்த்துக்கொண்டு, பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், கட்டிய வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் வேண்டும் என்று கேட்டோம். இந்தச் சட்டம் நம் நாட்டில் 2005-ல்தான் நடைமுறைக்கு வந்தது, உங்கள் நாட்டிலும் அதே ஆண்டுதான். முதல் பதிலில் எங்கள் மனுவை வேறொரு பிரிவுக்கு அனுப்பிவிட்டதாக எழுதினார்கள். அந்தப் பிரிவோ ஆவணம் தங்களிடம் இல்லை என்கிறது. மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதற்கு உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். 2009 செலவுக் கணக்கு அமளிக்குப் பிறகு அங்கே ஏற்படுத்திய தனி ஆணையம் எம்.பி.க்களின் ஒவ்வொரு செலவையும் வெளியிடுகிறது அல்லவா. உன் தொகுதி எம்.பி.யின் அலுவலக வாடகை, பயணச் செலவு இவை எந்தத் தலைப்புகளில், எவ்வளவு விவரமாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒரு மாதத்துக்குரிய பக்கத்தை மட்டும் அச்செடுத்து அனுப்பு. நிழற்குடை முடிந்ததும் சட்டமன்ற உறுப்பினர்களின் படிகளைப் பற்றிக் கேட்கப் பையன்கள் துடிக்கிறார்கள். கேள்விகளை எப்படிப் பிரித்து எழுதுவது என்பதற்கு அது உதவும். மேல்முறையீட்டுக்கான கெடு நெருங்குகிறது, ஆகவே தாமதிக்காதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தண்டையார்பேட்டைத் தோழன்