ஆயிரத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் வீட்டுக்கு வந்து, இட்லியை முடித்துவிட்டு, "அக்கா, சும்மா ஒரு பார்வை பாரு" என்று வைத்துவிட்டுப் போனாயே ஸ்பைரல் பைண்டிங் போட்ட கோர்ஸ்வொர்க், அதை மெட்ரோவில் போக வர இரண்டு நாளாகப் படித்தேன். படங்கள் அழகு. ஆனால் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: நாலால் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்களை மீதி 1 வரும் கட்சி எண்ணிக்கையில் ஒருபோதும் முந்தாது என்பது "நிரூபணமாகிறது". எப்படி? ஐந்து லட்சம் வரை புரோகிராம் ஓடியது, முந்தவில்லை, அவ்வளவுதான்.

முந்தியிருக்கிறது தம்பி. 26,861இல் மீதி 1 கட்சி ஒரே ஒரு எண்ணால் மேலே வருகிறது. அடுத்த பகா எண் 26,863, அது எதிர்க்கட்சி, உடனே சமன். நீ ஆயிரத்துக்கு ஒரு தரம்தான் எண்ணிப் புள்ளி வைத்திருக்கிறாய், 26,000 விட்டால் 27,000, நடுவில் நடந்த கூத்து படத்தில் எப்படி விழும்? அடுத்து முந்துவது 6,16,841இல், அதற்குள் நீ கடையைக் கட்டிவிட்டாய்.

தப்பான முடிவுகூடப் பரவாயில்லை. அந்த ஆயிரம் என்ற இடைவெளி ரிப்போர்ட்டில் எங்கேயுமே இல்லை, பின்னிணைப்பில் புரோகிராமுக்குள் தேடித்தான் பிடித்தேன், அதுதான் உறுத்துகிறது. "5,00,000 வரை, 1,000க்கு ஒருமுறை எண்ணியதில், மீதி 1 முந்திய இடம் தென்படவில்லை" என்று எழுதியிருந்தால் அந்த வரியை இன்றைக்கும் யாரும் அசைக்க முடியாது. மீதி 3 கட்சியே பெரும்பாலும் முன்னால் நிற்கும் இந்தச் சாய்வைப் பற்றி ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் 1853இல் ஒரு கடிதத்தில்தான் எழுதினார். முன்னிலை முடிவே இல்லாமல் கை மாறும் என்று ஆங்கிலக் கணித அறிஞர் லிட்டில்வுட் 1914இல் நிரூபித்தார், அதற்குப் புரோகிராம் தேவைப்படவில்லை. நீ பார்த்தது, அவர் நிரூபித்தது, நீ ஊகிப்பது, மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்து வைக்காதே.

அப்புறம், எண்ணிக்கை சரிதானா என்று எப்படிச் சோதித்தாய்? ஐந்து லட்சத்துக்குள் 41,538 பகா எண்கள். இரண்டு கட்சியையும் கூட்டி, எந்தக் கட்சியிலும் சேராத 2ஐயும் சேர்த்தால் அது வர வேண்டும். ஒரே வரி, போடு. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து ராத்திரி முழுக்க ஓடியதையும், பிறகு மடங்குகளை அடித்துத் தள்ளும் சல்லடை முறைக்கு மாறியதையும் சாப்பிடும்போது என்னிடம் அவ்வளவு ரசித்துச் சொன்னாய், ரிப்போர்ட்டில் ஏன் மூச்சே இல்லை?

பைண்டிங்கைப் பிரித்துவிட்டேன், கோபப்படாதே. அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு வா, இடைவெளியை 1 ஆக்கி என் முன்னால் ஓட்டு.

அக்கா