வாசல் படியை அளந்து அனுப்புங்கள்

சிகாகோ
தை, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் அப்பம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பாரிசவாதம் வந்த பெரியப்பாவை ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையிலிருந்து அடுத்த மாதம் நம் வெள்ளவத்தை வீட்டுக்கே அழைத்து வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) செய்கிற வேலையைப் படிக்கவா வைத்தியரான பிள்ளை நான்கு வருடம் அமெரிக்காவில் இருக்கிறாள் என்று சொந்தக்காரர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியில் பாதி உங்களுடையதுதான் என்று எனக்குத் தெரியும். இன்று விடுமுறை, வெளியே பனி கொட்டுகிறது, ஆறுதலாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் படிப்பில் நான் படிக்கும் புனர்வாழ்வு மருத்துவத்தை மூட்டுவாத மருத்துவத்தோடு சேர்த்தே கற்பிக்கிறார்கள். ஆகவே நம்மவர்களுக்கு இவர்கள் "மூட்டு டொக்டர்கள்". இங்கே இது தனித்துறை. ஃபிராங்க் குரூசன் என்பவர் இளம் வைத்தியராக இருந்தபோது காசநோய் கண்டு சனிடோரியத்தில் கிடந்தார். நோய் ஆறிய பின்னரும் உடல் தளர்ந்து பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போகிறவர்களை அங்கே பார்த்ததுதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது. 1936இல் மேயோ கிளினிக் என்ற பெரிய அமெரிக்க வைத்தியசாலையில் இந்தத் துறைக்கான மூன்று வருடப் பயிற்சியைத் தொடங்கியவர் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர்களாலும் இளம்பிள்ளை வாதத்தாலும் தேவை பெருகி, 1947இல் இத்துறை வைத்தியர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் தனியான சபை ஒன்றும் அமைந்தது. போரால் வளர்ந்த துறை என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் "புனர்வாழ்வு" என்ற சொல் போர் முடிந்து சரணடைந்தவர்களைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்த 2009க்குப் பிறகு நம் காதில் வேறு விதமாக விழுகிறது என்பதை இங்குள்ள நண்பர்களுக்கு என்னால் விளக்க முடியவில்லை.

முதல் வருடம் முழுவதும் பொது மருத்துவம்தான். சராசரியாக வாரத்துக்கு 80 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த எல்லையை அடிக்கடி தொட்டேன் என்பதோடு நிறுத்துகிறேன். அதன் பின் 36 மாதங்கள் இந்தத் துறை. அவற்றில் 12 மாதங்களாவது வைத்தியசாலை விடுதியில் தங்கியிருக்கும் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். மிகுதியில் வெளிநோயாளர் பிரிவு, செயற்கைக் கால், முண்ணாண் (முதுகுத்தண்டு நரம்பு) காயம், வலி, ஊசி மருந்துச் சிகிச்சை என்று பலவும் வரும்.

எனக்கு மிகப் பிடித்தது நரம்பையும் தசையையும் மின்கருவியால் சோதிப்பது. பயிற்சி முடிவதற்குள் இத்தகைய 200 சோதனைகளிலாவது பங்கெடுத்திருக்க வேண்டும். மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்திவிட்டு, திரையைப் பார்ப்பதோடு ஒலிபெருக்கியையும் கேட்க வேண்டும். நரம்பின் தொடர்பை இழந்த தசை தகரக் கூரையில் மழை விழுவது போல ஒலிக்கும் என்று ஆசிரியர் சொன்னபோது, நான் அதைக் கேட்டே வளர்ந்தவள் என்று சிரித்துக்கொண்டேன். நரம்பு தசையோடு சேரும் இடத்தில் ஊசி பட்டால் சங்கைக் காதில் வைத்தது போன்ற இரைச்சல் வரும்; அது நோயல்ல. இரண்டையும் பிரித்தறியக் காது பழக வேண்டும்.

ஆனால் இந்தத் துறை எனக்கு உண்மையில் விளங்கியது என்னுடைய பிழை ஒன்றினால். விடுதியில் நோயாளிக்கு வாரத்தில் 5 நாட்கள், நாளுக்குக் குறைந்தது 3 மணித்தியாலம் பயிற்சி நடக்கும். வாரத்துக்கு ஒருமுறை தாதி, இயன்மருத்துவர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், சமூக சேவையாளர் எல்லோரும் கூடுவார்கள். கூட்டத்தை நடத்துவது வைத்தியர். முதல் மாதத்தில், ஒரு முதியவர் 150 அடி நடக்கிறார், இரத்த அழுத்தமும் சீராக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பலாம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அவருடைய வீடு எத்தனையாம் மாடியில்?" என்று தொழில்வழிச் சிகிச்சையாளர் அமைதியாகக் கேட்டார். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான் அவருடைய மூளையின் படத்தை நான்கு முறை பார்த்திருந்தேன். வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. இயன்மருத்துவர் நடக்கப் பழக்குகிறார். எந்த வீட்டுக்கு, எந்தப் படியில், யாருடைய துணையோடு, எந்த மருந்தோடு நடந்து போகப் போகிறார் என்பதையெல்லாம் ஒன்று சேர்த்துத் தீர்மானிப்பதுதான் என் படிப்பு என்று கேட்பவர்களிடம் சொல்லுங்கள்.

அதே கேள்வியை இப்போது உங்களிடம் கேட்கிறேன். சில்லுக்கதிரை தாராளமாகப் போக வாசல் 32 அங்குலமாவது அகன்றிருக்க வேண்டும். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளச் சரிவு வேண்டும் என்பது இங்குள்ள கணக்கு. நம் முன்வாசலில் 2 படிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 அங்குலம் என்று நினைவு. அதற்கு 14 அடிச் சரிவு வேண்டும், கேற்றுக்கும் வாசலுக்கும் இடையில் அவ்வளவு இடமில்லை. குசினிப் பக்கம் ஒரே படிதான், ஆனால் கதவு ஒடுக்கம். இரண்டையும் அளந்து அனுப்புங்கள். குளியலறைக் கதவு உள்ளே திறக்கிறதா, வெளியேயா என்றும் பாருங்கள்.

பெரியப்பாவுக்குப் பலவீனம் வலப்பக்கம். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவி வலிக்கும். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள். படி ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது பலவீனமான காலும் முதலில் போக வேண்டும். அவரை நேரில் பார்க்கும் ராகம வைத்தியர்கள் வேறாகச் சொன்னால் அதையே கேளுங்கள்.

அளவு நாடா அம்மாவின் தையல் மெசின் லாச்சியில், நூற்கட்டைகளுக்கு அடியில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்