எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப் குழுவுக்கு உரியதன்று: தோல், காலணித் தொழிற்சாலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களே,

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகளில், வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் தொழிலாளரிடம் சொல்லியாயிற்று என்று கொள்ளும் வழக்கம் வேரூன்றி வருகிறது. காலணித் தொழிற்சாலை ஒன்றின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேட்டைப் பராமரிக்கும் எழுத்தர் என்ற முறையில், அதை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

"நாளை ஷிஃப்ட் ஆறு மணிக்கு, வேன் ஐந்தேகாலுக்கு" என்று இரவு பத்தரை மணிக்கு ஒரு வரி வருகிறது. தையல் லைனில் இருக்கும் பெண்கள் பலரின் வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் மகன் கையில் இருக்கும். விடிவதற்குள் ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கங்கள் அந்த வரியை மேலே தள்ளிவிடுகின்றன. வேனைத் தவறவிட்டு, பஸ் பிடித்துத் தாமதமாக வந்தவருக்கு அரைநாள் கூலியைப் பிடித்துவிட்டு, "குரூப்பில் போட்டோமே" என்கிறோம். நீல டிக் விழுந்திருக்கிறதே என்பீர்கள். செய்தியைத் திறந்தது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கலாம்.

வேலைநேர அறிவிப்பை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் எழுதி, முதன்மை வாயிலருகே கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது காரணத்தோடுதான். நம் பக்கத்தில் உருதுவிலும் ஒட்டுவது நல்லது. ஆயினும் உருது பேசுவோர் அனைவரும் அவ்வெழுத்தைப் படிப்பவர்கள் அல்லர். ஆகவே, வேலை முடிந்து கிளம்புமுன் சூப்பர்வைசர் லைனில் நின்று வாயாலும் சொல்லிவிட வேண்டும்.

தோல் பதனிடும் இடங்களில் இது உயிர் சம்பந்தப்பட்டது. முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவுநீர் அமிலக் கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். செறிவு கூடினால் அது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் ஏமாந்துபோவார். "இன்று தொட்டியில் யாரும் இறங்க வேண்டாம்" என்பதைக் குரல் பதிவாக அனுப்புவது எச்சரிக்கையே ஆகாது. பொறுப்பாளர் நேரில் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவைத்து, தொட்டியருகே பலகையும் வைக்க வேண்டும். வாயுவைச் சோதித்து எழுத்தில் அனுமதி தந்த பிறகு இறங்கச் சொல்வதையே வழக்கமாக்குங்கள்.

கூலிப் பிடித்தம், மெமோ, விடுப்பு மறுப்பு ஆகியவை பின்னாளில் வழக்காகக் கூடியவை. காரணத்தையும் தேதியையும் குறித்துத் தாளில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள்; அது உங்களுக்கும் காப்பு. தாமதமாக வந்தவர் பெயரையும் தையல் பிசகிய ஷூவின் படத்தையும் நூறு பேர் பார்க்கும் குழுவில் போடுவதை அறவே நிறுத்துங்கள். தனியே அழைத்துப் பேசினால் தவறு திருந்தும். ஊரறியச் சொன்னால் ஆள் வேலையைவிட்டே நின்றுவிடுவார், பிறகு புதியவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியவரும் நீங்களே.

வேன் பழுது, மழையால் திடீர் விடுமுறை போன்றவற்றுக்குக் குழுவைவிட வேகமானது வேறில்லை. அப்போதும் வேன் நிறுத்தத்துக்கு ஒருவர் எனப் பொறுப்பாளரை வைத்து, போன் இல்லாதவரிடம் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டறிவது அவசியம்.

முதற்படியாக, ஷிஃப்ட் மாற்றத்தை முந்தைய நாள் ஷிஃப்ட் முடிவதற்குள் வாயிலில் ஒட்டாவிட்டால் மறுநாள் தாமதத்துக்குக் கூலி பிடிப்பதில்லை என்று அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வறிவிப்பும் தாளில், நிர்வாகத்தின் கையொப்பத்தோடு வரட்டும்.

இங்ஙனம்,
டைம் ஆபீஸ் எழுத்தர் ஒருவர்,
ஆம்பூர்