சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மனநல நாளான அக்டோபர் 10ஆம் தேதியையொட்டி நடைபெற்ற விழிப்புணர்வுப் பேரணிகளையும் உறுதிமொழி நிகழ்ச்சிகளையும் பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். தேர்வு பயம், மன அழுத்தம், கைப்பேசிக்கு அடிமையாதல் ஆகியவை குறித்து மாணவர்களிடம் பேசியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, காரணமின்றிச் சந்தேகிப்பது போன்றவை), இருமுனைப் பிறழ்வு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) போன்ற தீவிர மனநோய்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களைப் பற்றியும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களைப் பற்றியும் அந்த மேடைகளில் அநேகமாக யாரும் பேசவில்லை. அறிகுறிகளைப் பட்டியலிட்டு, மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்வதோடு விழிப்புணர்வு முடிந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்த்து, தங்கிச் சிகிச்சை பெற்று, தேறி வீடு திரும்பியவருக்கு அந்த ஊரில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதே எங்களைப் போன்ற குடும்பங்களின் கேள்வி.

என் அண்ணன் பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுத்துவருகிறார். நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இந்த மாவட்டத்தில் மனநோயைப் பற்றிப் பேசினால் ஏர்வாடியைத் தவிர்க்க முடியாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; அனுமதியின்றி நடந்த காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலியைப் பூட்டியவர்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான் என்பதையும், பக்கத்தில் மருத்துவம் இல்லாமல், பகலில் கூலிக்குப் போனால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அக்கம்பக்கத்தாரின் ஏச்சுக்கு அஞ்சித்தான் விட்டார்கள் என்பதையும் அந்த அளவுக்குப் பேசவில்லை. நோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போகிறவர்களைக் குறை சொல்லவும் நான் விரும்பவில்லை. மாத்திரையை நிறுத்தாமல் போய்வந்தால் போதும். வேண்டுதல் வேறு, வைத்தியம் வேறு.

சட்டம் இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதன் 19ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, சமூகத்தில் தங்குவதற்கு வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும், அரசு அவருக்கு இடைநிலை இல்லங்களையும் (மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே தங்குமிடம்) குழு இல்லங்களையும் (சிலர் சேர்ந்து வாழும் வீடு) அமைத்துத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆயினும், 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில், குணமான பிறகும் அழைத்துப்போக ஆள் வராததால் தங்கிவிட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கியபோது மருத்துவத்தோடு மறுவாழ்வையும் அதன் பணியாக வைத்தார். சென்னையில் பேன்யன் அமைப்பு, நீண்டகாலம் காப்பகத்தில் இருந்தவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடும்பம்போல வாழவைக்கிறது. இந்த முயற்சிக்குக் கட்டடமோ பெரிய கருவிகளோ தேவையில்லை. வீட்டைக் கொடுக்க ஓர் உரிமையாளரும், ஆட்சேபிக்காத அண்டை வீட்டாரும் வேண்டும். கிடைப்பதற்கு அரிதாக இருப்பவர்களும் அவர்கள்தான்.

அண்டை வீட்டார் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பதில் பாதி நோயே அல்ல என்பதை யாரும் அவர்களிடம் விளக்கியதில்லை. மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் சிலருக்குக் கை நடுக்கத்தையும், எச்சில் வடிதலையும், நடையில் ஒரு விறைப்பையும், பகல் தூக்கத்தையும், எடை கூடுதலையும் தரும். மருந்தால் உள்ளே அமைதியாகிவிட்ட ஒருவர் வெளியே பார்ப்பதற்கு முன்னைவிட நோயாளியாகத் தெரிகிறார். அந்த நடையைக் கண்டு பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள்; கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது. அவமானம் பொறுக்காமல் அவர் மாத்திரையை நிறுத்துகிறார். சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்புகிறது. "பார்த்தீர்களா, இது தீராது" என்று ஊர் முடிவு கட்டுகிறது. பக்கவிளைவு தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தக் கூடாது என்ற செய்தி நோயாளிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தெருவுக்கும் தேவை.

வேலையும் மருந்தைப் போன்றதே. என் அண்ணனுக்கு உடல்நிலை சீரான பிறகு, தெரிந்தவர் ஒருவரின் கடையில் சரக்கு அடுக்கும் வேலை கிடைத்தது. தூக்கம் தெளிந்து பத்து மணிக்கு வரலாம் என்று அவர் விட்டுக்கொடுத்த ஒரே காரணத்தால் அந்த வேலை நிலைத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தக் குறைபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. நோய் ஏறி இறங்கும் இயல்புடையதும்கூட. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக மருத்துவக் குழுவின் முன் நிற்கும் நாளில் நன்றாகப் பேசிவிட்டால், அதில் குறிக்கும் குறைபாட்டுச் சதவீதம் குறைந்துவிடுமோ என்ற கவலை குடும்பத்தாரைப் பிடித்துக்கொள்கிறது. நன்றாக இருக்கும் நாளைக் கண்டு அஞ்ச வேண்டியிருப்பது எங்களுக்கு மட்டுமே வாய்த்த விந்தை.

மருந்து கிடைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைக்கச் செய்தது. நிலையாக இருக்கும் மனநோயாளிகளுக்கும் மாதாந்திர மாத்திரை இதே முறையில், எல்லா ஊராட்சிகளிலும் தவறாமல் கிடைக்குமாறு அரசு உறுதிசெய்ய வேண்டும். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்கும் குடும்பத்தில், அறுவடைக் காலத்தில் முதலில் விட்டுப்போவது அந்தப் பயணம்தான்.

பெற்றோர் கூடும் இடங்களில் எப்போதும் எழும் கேள்வி, "எங்களுக்குப் பிறகு யார்?" என்பது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் புற உலகச் சிந்தனையற்றோர் (ஆட்டிசம் உள்ளவர்), மூளை முடக்குவாதம் உள்ளவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. மனநோய் அதன் வரம்புக்குள் வரவில்லை. மாவட்டத்துக்கு ஒரு குழு இல்லமாவது இருந்தால், எழுபது வயதைத் தாண்டிய தாய்மார்கள் சிலர் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். அக்டோபர் 2ஆம் தேதி எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. உலக மனநல நாளுக்கு எட்டு நாள்களே முன்பு. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரோ, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரோ அந்தக் கூட்டத்தில் கால் மணி நேரம் பேசட்டும். பேரணிக்கு வராத, எங்கள் தெருவிலேயே வசிக்கிற மனிதர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். மற்றொன்று தங்களுக்கு. மாவட்ட மனநலக் குழுவின் மருத்துவர் எந்த வட்ட மருத்துவமனைக்கு எந்தக் கிழமையில் வருகிறார் என்ற விவரத்தையும், இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி இயங்கும், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416ஐயும் தங்கள் மாவட்டப் பதிப்பின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் வாரம் ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு இதில் கூச்சம் ஏதுமில்லை. ஆனால் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்.